டிவிடி பிளேயரை விட்டு 4கே ப்ளூ-ரேவுக்கு மாற வேண்டுமா? வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

புது தில்லி: முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய திரையை வாங்கிய குடும்பங்களில் அடுத்ததாக ஒரு கேள்வி எழுகிறது. அலமாரியில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள டிவிடிக்களையும், அவற்றை இயக்கி வந்த பழைய பிளேயரையும் என்ன செய்வது? புதிய திரைக்கு ஏற்ற உயர் தெளிவுத்திறன் பிளேயர் ஒன்றை வாங்குவதா? அல்லது ஓடிடி தளங்களே போதும் என்று விட்டுவிடுவதா?

இந்தக் கேள்விக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்துள்ளது. உயர் தெளிவுத்திறன் பிளேயர் தயாரிப்பில் இருந்து முன்னணி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகி வருகின்றன. அதேசமயம், ஓடிடி தளங்களில் இன்று இருக்கும் திரைப்படம் நாளையும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த நிலையில், பிளேயரின் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பு நுகர்வோர் தங்கள் வீட்டில் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் உள்ளன. அவற்றில் முதலாவது, சோபாவுக்கும் திரைக்கும் இடையிலான தூரம்.

நான்கு தலைமுறை வட்டுகள்

இந்தியக் குடும்பங்களுக்கு முதலில் அறிமுகமானது விசிடி. ஒரு திரைப்படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. இந்தியாவில் வழங்கிய விசிடியின் படம் 352க்கு 288 என்ற அளவிலான படப்புள்ளிகளால் (பிக்சல்) ஆனது.

அடுத்து வந்த டிவிடி, 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஓர் அடுக்கு கொண்ட டிவிடியில் 4.7 ஜிபி அளவுக்கும், இரண்டு அடுக்கு கொண்டதில் 8.5 ஜிபி அளவுக்கும் தரவுகளைப் பதிய முடியும். இந்தியத் தொலைக்காட்சி முறையான 'பால்' முறையில் அதன் படம் 720க்கு 576 படப்புள்ளிகளைக் கொண்டது.

2006ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது ப்ளூ-ரே. டிவிடியைப் படிக்கப் பயன்படும் சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். ப்ளூ-ரேயில் பயன்படும் நீல ஊதா லேசரின் அலைநீளம் 405 நானோமீட்டர். அலைநீளம் குறையும்போது லேசர் ஒளியை மேலும் சிறிய புள்ளியில் குவிக்க முடியும். இதனால் அதே அளவுள்ள வட்டில் மிக நெருக்கமாகத் தரவுகளை எழுத முடிந்தது. ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி எனக் கொள்ளளவு உயர்ந்தது. படத்தின் அளவு 1920க்கு 1080 படப்புள்ளிகள். இது டிவிடியைப் போல் சரியாக ஐந்து மடங்கு.

நான்காவது தலைமுறையான 4கே அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரே 2016ஆம் ஆண்டு அறிமுகமானது. இதன் படம் 3840க்கு 2160 படப்புள்ளிகள். சாதாரண ப்ளூ-ரேயைப் போல் நான்கு மடங்கு, டிவிடியைப் போல் இருபது மடங்கு. வட்டின் கொள்ளளவு 100 ஜிபி வரை செல்லும்.

எண்களை மட்டும் பார்த்தால் முடிவு எளிதாகத் தோன்றும். ஆனால், வட்டில் பதிவாகியுள்ள நுணுக்கம் அனைத்தும் கண்ணுக்குத் தெரியும் என்று கருத முடியாது.

கண்ணுக்கு ஓர் எல்லை

இயல்பான பார்வைத்திறன் கொண்ட ஒருவரின் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காண்பது அரிது. கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையும் இந்த அளவை அடிப்படையாகக் கொண்டதே. திரையில் உள்ள ஒரு படப்புள்ளி, பார்ப்பவரின் கண்ணில் இந்த அளவைவிடச் சிறிதாகத் தெரிந்தால், அதை மேலும் நான்காகப் பிரித்தாலும் வேறுபாடு புலப்படாது.

இந்தக் கணக்கின்படி, வெவ்வேறு திரைகளுக்கான எல்லைத் தூரங்கள் தோராயமாக வருமாறு:

32 அங்குலத் திரை: சுமார் 4 அடிக்கு அப்பால் அமர்ந்தால் ப்ளூ-ரேக்கும் 4கேவுக்கும் கூர்மையில் வேறுபாடு தெரியாது. சுமார் 8 அடிக்கு அப்பால் டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் இடையிலான வேறுபாடே குறையத் தொடங்கும்.

43 அங்குலத் திரை: இந்த எல்லைகள் முறையே ஐந்தரை அடி, பத்தரை அடி.

55 அங்குலத் திரை: முறையே 7 அடி, பதின்மூன்றரை அடி.

65 அங்குலத் திரை: முறையே எட்டரை அடி, சுமார் 16 அடி.

நகர்ப்புற அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் 43 அங்குலத் திரையை 8 அடி தொலைவில் இருந்து பார்க்கும் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். அவர்களுக்கு டிவிடி படம் மங்கலாகவே தெரியும். முகத்தின் ஓரங்களும், படத்தின் பெயர்ப் பட்டியலில் வரும் சிறிய எழுத்துகளும் கரைந்தாற்போல் இருக்கும். சாதாரண ப்ளூ-ரே அந்தக் குறையைத் தீர்த்துவிடும். அதற்கு மேல் 4கே தரும் கூடுதல் படப்புள்ளிகள் அந்தத் தூரத்தில் அவர்களின் கண்ணை எட்டுவதில்லை. அதே 8 அடி தொலைவில் 65 அங்குலத் திரை இருந்தால், 4கேவின் பயன் சற்றே தெரியத் தொடங்கும்.

எனவே கடைக்குச் செல்லும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்து, அமரும் இடத்தில் இருந்து திரை வரையிலான தூரத்தை அளப்பது நல்லது. கடைகளில் திரைக்கு இரண்டு அடி அருகில் நின்று பார்த்து எடுக்கும் முடிவு, வீட்டில் பொருந்துவதில்லை.

படப்புள்ளியைவிட ஒளி முக்கியம்

4கே வட்டுகளில் மற்றொரு சிறப்பும் உண்டு. அது ஹெச்டிஆர் எனப்படும் விரிந்த ஒளி வீச்சு. இருட்டான காட்சியில் எரியும் ஒரு விளக்கு, மேகத்துக்குப் பின்னால் இருந்து வெளிப்படும் சூரியன், நிழலில் நிற்பவரின் முகம் ஆகியவற்றை ஒரே காட்சியில் விவரம் சிதையாமல் காட்ட இது உதவுகிறது. வண்ணங்களின் வரம்பும் இதில் கூடுதலாகும். பழைய வட்டுகளில் ஒவ்வொரு வண்ணமும் 8 பிட் அளவில், அதாவது 256 படிநிலைகளில் பதிவாகிறது. 4கே வட்டுகளில் அது 10 பிட், அதாவது 1,024 படிநிலைகள். மாலை வானம் போன்ற காட்சிகளில் வண்ணம் பட்டை பட்டையாகத் தெரியும் குறை இதனால் பெருமளவு நீங்குகிறது.

ஒளியின் வேறுபாட்டைக் காண, படப்புள்ளியைப் போல் நெருங்கி அமர வேண்டிய தேவை இல்லை. தொலைவில் இருந்தாலும் தெரியும். ஆனால், அதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி ஒத்துழைக்க வேண்டும். விலை குறைந்த பல 4கே திரைகளின் அட்டைப்பெட்டியில் ஹெச்டிஆர் என்று அச்சிடப்பட்டிருந்தாலும், போதிய வெளிச்சத்தை வெளிப்படுத்தும் திறன் அவற்றுக்கு இருப்பதில்லை. அத்தகைய திரையில் ஹெச்டிஆர் படம் சில நேரங்களில் வழக்கத்தைவிட இருண்டு தெரியும். ஓலெட் திரைகளும், திரையின் ஒவ்வொரு பகுதியிலும் ஒளியைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் எல்இடி திரைகளும் இதில் மேம்பட்டவை.

எல்லா 4கே வட்டுகளும் 4கே தரத்தில் உருவானவை அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. எண்ணிம முறைக்குத் திரையுலகம் மாறிய பின் வெளியான பல படங்கள், குறிப்பாக வரைகலைக் காட்சிகள் மிகுந்தவை, 2கே அளவிலேயே இறுதி வடிவம் பெற்றன. அவற்றின் 4கே வட்டு, அந்த 2கே படத்தைப் பெரிதாக்கியதாகவே இருக்கும். மாறாக, 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்ட பழைய படங்களை மூலச்சுருளில் இருந்து புதிதாக வருடி எடுத்தால், 4கே அளவுக்கான நுணுக்கம் அவற்றில் கிடைக்கிறது.

சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் இதற்குச் சிறந்த சான்று. அவற்றின் மூலச்சுருள்கள் 1993இல் லண்டனில் உள்ள ஒரு படச்சுருள் ஆய்வகத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் சேதமடைந்தன. அமெரிக்காவின் அகாதெமி ஆவணக் காப்பகமும் கிரைட்டீரியன் நிறுவனமும் இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள மறுசீரமைப்புக் கூடத்தின் துணையுடன் எஞ்சிய பகுதிகளை மீட்டு, 4கே தரத்தில் புதுப்பித்தன. 2015இல் அவை மீண்டும் திரைக்கு வந்தன. அதே ஆண்டில் ப்ளூ-ரே வட்டுகளாகவும் வெளியாகின.

ஓடிடியில் வரும் 4கேவும் வட்டில் உள்ள 4கேவும்

ஓடிடி தளங்களிலேயே 4கே கிடைக்கும்போது வட்டு எதற்கு என்பது நியாயமான கேள்வி. இரண்டிலும் படப்புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால், ஒவ்வொரு நொடிக்கும் அனுப்பப்படும் தரவின் அளவு வேறு.

4கே படங்களைத் தடையின்றிப் பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் வேகம் தேவை என்று நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறது. அந்த வேகம் முழுவதையும் பயன்படுத்தினாலும் இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுமார் 17 ஜிபி தரவே வந்துசேரும். 4கே வட்டில் அதே படத்துக்கு 66 ஜிபி அல்லது 100 ஜிபி இடம் உள்ளது. வட்டில் இருந்து நொடிக்கு 100 மெகாபிட்டுக்கும் அதிகமான வேகத்தில் தரவைப் படிக்க முடியும்.

மழை, புகை, கடல் அலை, திருவிழாக் கூட்டம் போன்ற காட்சிகளில் இந்த வேறுபாடு வெளிப்படும். ஒவ்வொரு நொடியும் படம் முழுவதும் மாறிக் கொண்டே இருப்பதால் அவற்றைச் சுருக்குவது கடினம். குறைந்த தரவில் அவை கட்டம் கட்டமாகச் சிதையலாம். இருவர் அமர்ந்து உரையாடும் காட்சியில் பெரும்பாலானோருக்கு வேறுபாடு தெரியாது.

ஒலியில் இந்த இடைவெளி மேலும் அதிகம். ப்ளூ-ரே வட்டுகளில் இடம்பெறும் டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ ஆகியவை மூல ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கப்பட்டவை. ஓடிடி தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ், ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுச் சுருக்கும் முறை. ஆனால், தொலைக்காட்சிப் பெட்டியில் உள்ள சிறிய ஒலிபெருக்கிகளில் இந்த வேறுபாட்டை உணர முடியாது. தனி ஹோம் தியேட்டர் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கே இதன் பயன் கிட்டும்.

இணையத்தின் நிலையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். கொரோனா பொது முடக்கத்தின்போது, 2020 மார்ச் இறுதியில், இணையச் சுமையைக் குறைக்க இந்தியாவின் முன்னணி ஓடிடி நிறுவனங்கள் ஒன்றுகூடி முடிவெடுத்தன. கைப்பேசி இணையத்தில் உயர் தெளிவுத்திறன் ஒளிபரப்பை ஏப்ரல் 14 வரை நிறுத்தி வைத்து, 480 வரிகளுக்கு மிகாத தரத்திலேயே படங்களை வழங்கின. வட்டில் உள்ள படத்தின் தரம் இணையத்தைச் சார்ந்து குறைவதில்லை.

வாங்கியது யாருக்குச் சொந்தம்?

நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு அறிவித்த கட்டணப் பட்டியலின்படி, 4கே தரம் மாதம் ரூ.649 திட்டத்தில் மட்டுமே கிடைக்கும். ஆண்டுக்கு இது ரூ.7,788 ஆகிறது. இந்தத் தொகைக்கு நூற்றுக்கணக்கான படங்களையும் தொடர்களையும் காண முடியும் என்பதால், பலவகைப் படங்களை ஒருமுறை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஓடிடியே சிக்கனமானது. இதில் ஐயமில்லை.

ஆனால், சந்தாதாரர் பெறுவது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. ஹெச்பிஓ நிறுவனத்தின் தொடர்கள் இந்தியாவில் கடந்து வந்த பாதை இதைத் தெளிவாக்கும். டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் இருந்த அவை 2023 மார்ச் 31ஆம் தேதியுடன் நீக்கப்பட்டன. பின்னர் அதே ஆண்டில் ஜியோசினிமா தளத்துக்குச் சென்றன. 2025 பிப்ரவரி 14 அன்று அந்த இரண்டு தளங்களும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகின. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே தொடரைக் காண ரசிகர்கள் தளம் விட்டுத் தளம் மாற வேண்டியிருந்தது.

சில படங்கள் இடம் மாறாமல் மறைந்தும் போகின்றன. நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' தமிழ்த் திரைப்படம், சர்ச்சையைத் தொடர்ந்து 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் இருந்து நீக்கப்பட்டது. வெளியாகி அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன.

தனியே பணம் செலுத்தி இணையத்தில் 'வாங்கப்படும்' படங்களுக்கும் இது பொருந்தும். பெரும்பாலான தளங்களின் நிபந்தனைகளில் அது உரிமம் என்றே குறிப்பிடப்படுகிறது. இதன் காரணமாக, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டத்தை அமல்படுத்தியுள்ளது. திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் விற்கும் நிறுவனங்கள், அதை வாடிக்கையாளரிடம் தெளிவாகக் கூறாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

வட்டின் மதிப்பு இங்கேதான் உள்ளது. அது உரிமையாளரின் அலமாரியில் இருக்கும். அதை நண்பருக்கு இரவல் தரலாம், விற்கலாம், பத்து ஆண்டுகள் கழித்தும் பார்க்கலாம். அதை இயக்கும் கருவி இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்தக் கருவிதான் இப்போது அரிதாகி வருகிறது.

விலகும் நிறுவனங்கள்

வட்டுகளின் வரலாற்றில் வாங்குவோர் இதற்கு முன்பும் சூடுபட்டுள்ளனர். 2006இல் ப்ளூ-ரேக்குப் போட்டியாகத் தோஷிபா நிறுவனம் 'ஹெச்டி டிவிடி' என்ற வடிவத்தை முன்னிறுத்தியது. 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 19 அன்று, தோஷிபா விலகலை அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்குப் புதிய வட்டுகள் கிடைக்காத நிலை ஏற்பட்டது.

இன்று அத்தகைய போட்டி இல்லை. 4கே ப்ளூ-ரேக்குப் போட்டி வடிவமும் இல்லை, அடுத்த தலைமுறை வட்டும் அறிவிக்கப்படவில்லை. ஆனால், தயாரிப்பாளர்களின் எண்ணிக்கை சுருங்குகிறது. ஒப்போ 2018இல் இத்துறையை விட்டு வெளியேறியது. அமெரிக்கச் சந்தையில் புதிய ப்ளூ-ரே பிளேயர்களை அறிமுகப்படுத்தப் போவதில்லை என்று சாம்சங் 2019இல் தெரிவித்தது. 2024 இறுதியில் எல்ஜியும் தனது பிளேயர்களை நிறுத்தியது. அமெரிக்காவில் அஞ்சல் வழியே டிவிடிக்களை வாடகைக்கு அனுப்பி வந்த நெட்ஃபிளிக்ஸ், அந்தச் சேவையை 2023 செப்டம்பர் 29 அன்று முடித்துக் கொண்டது.

2025 பிப்ரவரியில் சோனி ப்ளூ-ரேயை நிறுத்திவிட்டதாகப் பரவிய தகவல் பலரைக் குழப்பியது. அப்போது சோனி நிறுத்தியது, பயனாளர்கள் தாங்களே பதிவு செய்துகொள்ளும் வெற்று வட்டுகளின் தயாரிப்பை மட்டுமே. திரைப்பட வட்டுகளுக்கும் பிளேயர்களுக்கும் அந்த அறிவிப்பு பொருந்தாது.

இந்தியாவில் வட்டுச் சந்தையின் எழுச்சியும் வீழ்ச்சியும் விரைவாக நிகழ்ந்தன. மோசர் பேயர் நிறுவனம் விசிடியை ரூ.28க்கும் டிவிடியை ரூ.34க்கும் விற்றுத் திருட்டு வட்டுகளுடன் விலையிலேயே மோதியது. பெட்டிக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் திரைப்படம் கிடைத்தது. அந்த நிறுவனத்தைக் கலைக்குமாறு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2018 செப்டம்பரில் உத்தரவிட்டது. டிவிடிக்குக் கிடைத்த அந்தப் பரவல் ப்ளூ-ரேக்கு இந்தியாவில் கிடைக்கவே இல்லை. 4கே வட்டில் வெளியான இந்தியப் படங்கள் மிகவும் குறைவு. ஆகவே, விரும்பும் படங்களில் எத்தனை வட்டில் கிடைக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே பிளேயரைப் பற்றி யோசிக்க வேண்டும். பட்டியலில் பெரும்பாலானவை இந்திய மொழிப் படங்கள் எனில், 4கே பிளேயர் வாங்கினாலும் அதில் இட வட்டு இருக்காது.

மண்டலக் குறியீடு தரும் சிக்கல்

வெளிநாட்டில் இருந்து வட்டு வரவழைப்பவர்கள் மண்டலக் குறியீட்டைக் கவனிக்க வேண்டும். டிவிடியில் இந்தியா 5ஆம் மண்டலம். அமெரிக்காவின் 1ஆம் மண்டல டிவிடி, இந்தியாவுக்கான பிளேயரில் இயங்காது. சாதாரண ப்ளூ-ரேயில் இந்தியா 'சி' மண்டலம். அமெரிக்கா 'ஏ', பிரிட்டன் 'பி'. வெளிநாட்டில் உள்ள உறவினர் அன்புடன் வாங்கி அனுப்பிய வட்டு, இங்குள்ள பிளேயரில் 'மண்டலம் பொருந்தவில்லை' என்ற அறிவிப்புடன் நின்றுவிடுவது இதனால்தான்.

4கே ப்ளூ-ரே வட்டுகளுக்கு மண்டலக் குறியீடு இல்லை. எந்த நாட்டு வட்டும் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் இயங்கும். வெளிநாட்டு வட்டுகளைச் சேகரிக்க விரும்புவோருக்கு இது பெரும் வசதி. ஆனால், அதே 4கே பிளேயரில் சாதாரண ப்ளூ-ரே அல்லது டிவிடியை இட்டால், பழைய மண்டலக் கட்டுப்பாடு மீண்டும் செயல்படும்.

பிளேயரையே வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவோர், அதன் பின்புறத்தில் மின்னழுத்த அளவைப் பார்க்க வேண்டும். 110 வோல்ட்டுக்கு மட்டும் வடிவமைக்கப்பட்ட கருவியை இந்தியாவின் 230 வோல்ட் இணைப்பில் நேரடியாகச் செருகினால் பழுதாகும். சுங்கத் தீர்வையும், இந்தியாவில் உத்தரவாதம் செல்லுபடியாகுமா என்பதும் தனிக் கேள்விகள்.

தொலைக்காட்சிப் பெட்டியின் ஹெச்டிஎம்ஐ இணைப்பு, ஹெச்டிசிபி 2.2 என்ற பாதுகாப்பு முறையை ஏற்பதாக இருக்க வேண்டும். இல்லையெனில் 4கே வட்டு முழுத் தரத்தில் ஓடாது. புதிய வட்டுகளின் பாதுகாப்புக் குறியீடுகளை அறிந்துகொள்ள, ப்ளூ-ரே பிளேயர்களின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும் அவசியம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கலாம்

வட்டு செருகும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய விளையாட்டுக் கருவிகள் 4கே ப்ளூ-ரே, சாதாரண ப்ளூ-ரே, டிவிடி மூன்றையும் இயக்கும். பிள்ளைகளின் விளையாட்டுக்காக வாங்கிய கருவி வீட்டில் இருந்தால், தனி பிளேயர் தேவைப்படாமல் போகலாம். வட்டு வசதி இல்லாத பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கருவியும் இதற்குப் பயன்படாது. பிளேஸ்டேஷன் 5 இசைக் குறுந்தகடுகளை இயக்குவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

பழைய டிவிடிக்களைப் பொறுத்தவரை, ப்ளூ-ரே பிளேயர்கள் அனைத்தும் அவற்றை இயக்கும். எனவே பிளேயரை மாற்றுவதால் பழைய சேகரிப்பு வீணாவதில்லை. படத்தைத் திரைக்கேற்ப விரித்துக் காட்டும் வசதியும் அவற்றில் உண்டு. ஆனால், வட்டில் பதிவாகாத நுணுக்கத்தை எந்தக் கருவியும் புதிதாக உண்டாக்க முடியாது. விசிடி வைத்திருப்போர் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எல்லா ப்ளூ-ரே பிளேயர்களும் விசிடியை இயக்குவதில்லை.

திருமண டிவிடிக்களுக்கு முன்னுரிமை

பிளேயர் வாங்குவதைவிட அவசரமான பணி ஒன்று பல வீடுகளில் காத்திருக்கிறது. கடையில் விற்கப்படும் திரைப்பட வட்டுகள் ஆலையில் அச்சிடப்பட்டவை. திருமணம், காதுகுத்து, பள்ளி விழா ஆகியவற்றின் டிவிடிக்கள், ஒளிப்பதிவு நிலையங்களில் வெற்று வட்டில் லேசரால் பதியப்பட்டவை. அவற்றில் தரவைத் தாங்கி நிற்பது ஒரு சாய அடுக்கு. வெப்பம், வெயில், ஈரப்பதம் ஆகியவற்றால் அந்தச் சாயம் நாளடைவில் சிதையும். திரைப்படத்தை மீண்டும் வாங்கலாம். மறைந்த பெரியவர்கள் நடமாடும் திருமணப் பதிவை வாங்க முடியாது.

யுஎஸ்பி வழியே இணையும் டிவிடி டிரைவ் ஒன்றைக் கணினியில் பொருத்தி, வட்டில் உள்ள கோப்புறைகளை அப்படியே நகலெடுத்தால் போதும். ஓர் அடுக்கு டிவிடி ஒன்றுக்கு அதிகபட்சம் 4.7 ஜிபி என்பதால், நூறு வட்டுகள் ஒரு டெராபைட் வன்தட்டில் பாதி இடத்துக்குள் அடங்கும். நகலை இரண்டு இடங்களில் வைப்பது பாதுகாப்பானது. கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகளின் நிலை வேறு. அவற்றில் உள்ள பாதுகாப்பு முறையை உரிமை மீறலுக்காக உடைப்பது, 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்கீழ் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

யாருக்கு எது?

மேற்கண்ட அளவுகோல்களைச் சேர்த்துப் பார்த்தால், முடிவை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

திரை 32 அங்குலத்துக்கு உட்பட்டது, அமரும் தூரம் 8 அடிக்கு மேல், பார்ப்பதும் பெரும்பாலும் புதிய இந்திய மொழிப் படங்கள் எனில், எந்த மாற்றமும் தேவையில்லை. பழைய பிளேயர் ஓடும் வரை ஓடட்டும். புதிய தொலைக்காட்சியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களுக்கான துளை இல்லை என்பதே சிக்கல் என்றால், ஹெச்டிஎம்ஐ இணைப்புள்ள டிவிடி பிளேயர் போதுமானது.

திரை 43 முதல் 55 அங்குலம், டிவிடி சேகரிப்பும் கணிசமாக உள்ளது எனில், சாதாரண ப்ளூ-ரே பிளேயர் பொருத்தமானது. டிவிடியில் இருந்து ப்ளூ-ரேக்கு மாறும்போது கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம், ப்ளூ-ரேயில் இருந்து 4கேவுக்கு மாறும்போது தெரிவதைவிட அதிகம்.

திரை 65 அங்குலம் அல்லது அதற்கு மேல், நல்ல ஹெச்டிஆர் திறன், தனி ஒலி அமைப்பு, மீண்டும் மீண்டும் பார்க்க விரும்பும் உலகப் படங்களின் பட்டியல் ஆகிய நான்கும் இருப்பவர்களுக்கு 4கே பிளேயர் ஏற்றது. அவர்கள் காத்திருப்பதால் பெரிய பயன் இல்லை. தயாரிப்பாளர்கள் குறையும் சந்தையில் கருவியும் உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு படத்தை ஒருமுறை மட்டும் பார்ப்பவர்களுக்கு, நிலையான இணைய இணைப்பும் ஓடிடி சந்தாவுமே போதும். விலை குறைந்த 4கே திரையில் படம் மங்கலாக இருப்பதாகக் கருதுபவர்கள், பிளேயருக்கான தொகையை அடுத்த முறை மேம்பட்ட திரை வாங்குவதற்குச் சேமிப்பது பலன் தரும்.

மாற்றத்துக்குப் பின் கழிக்கப்படும் பழைய பிளேயரைக் குப்பையில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்கே அது சென்றுசேர வேண்டும். அதற்கு முன், பிளேயரின் தட்டைத் திறந்து பார்ப்பது நல்லது. பல வீடுகளில் கடைசியாகப் பார்த்த வட்டு அதற்குள்ளேயே இருந்துவிடுவதுண்டு.